நிவாரணத்தில் நிறம் பார்த்த காலம்: அமெரிக்கப் பெருமந்தத்தின் ஒரு பாடம்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன்பின் தொடங்கிய பெருமந்தம், 1933 வந்தபோது அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை வேலையில்லாதவராக ஆக்கியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் அதிபராகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ‘நியூ டீல்’ என்ற பெயரில் நிவாரணத் திட்டங்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்தார். பசித்தவர்களுக்கு உதவித்தொகை, இளைஞர்களுக்குக் காடு வளர்ப்பு வேலை, விவசாயிகளுக்கு விலை ஆதரவு, முதியோருக்கு ஓய்வூதியம், வீடு கடனில் மூழ்கியவர்களுக்கு மறுகடன் என்று அந்தப் பட்டியல் நீளமானது. லட்சக்கணக்கான குடும்பங்களை அது உண்மையாகவே காப்பாற்றியது.

அந்தச் சட்டங்களில் எதிலும் ‘கறுப்பினத்தவருக்குக் கிடையாது’ என்று ஒரு வரி இல்லை. சிலவற்றில் நிறம் பார்க்கக் கூடாது என்றே எழுதியிருந்தார்கள். இருந்தும், மிக அதிகமாக அடிபட்ட கறுப்பின மக்களுக்குத்தான் நிவாரணம் குறைவாகவும் தாமதமாகவும் போய்ச் சேர்ந்தது. பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதிகாரிகளின் வெறுப்பு ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். யாரைச் சேர்ப்பது, யார் முடிவெடுப்பது, பணம் யார் கை வழியாகப் போவது, எந்த விகிதத்தில் பிரிப்பது என்று திட்டத்தை வடிவமைத்த விதத்திலேயே பாகுபாடு நுழைந்துகொண்டது.

மந்தம் எல்லாரையும் ஒரே அளவில் அடிக்கவில்லை

1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 19 லட்சம் கறுப்பின மக்கள் இருந்தார்கள். மொத்த மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் தென் மாநிலங்களில், அதிலும் கிராமப்புறங்களில் வாழ்ந்தார்கள். ஆண்களுக்கு வயல் வேலை, பெண்களுக்கு வெள்ளையர் வீடுகளில் சமையலும் துணி துவைத்தலும் என்பதுதான் பெரும்பாலோரின் பிழைப்பு. நகரங்களில் ‘கடைசியாக எடுப்பார்கள், முதலில் நீக்குவார்கள்’ என்பது அவர்கள் வாயில் எப்போதும் இருந்த சொல். மந்தம் முற்றியபோது, அதுவரை வெள்ளையர் தொடாமல் இருந்த தெருக்கூட்டும் வேலை, ஓட்டல் வேலை, லிஃப்ட் இயக்கும் வேலைகளிலும் வெள்ளையர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

1933 அக்டோபரில் மத்திய அரசு எடுத்த கணக்கில், கறுப்பின மக்களில் சுமார் 18 சதவீதம் பேர் நிவாரணத்தில் இருந்தார்கள். வெள்ளையரில் அது 10 சதவீதத்துக்கும் கீழ். இந்த எண்ணை வைத்து ‘அவர்களுக்குத்தானே அதிகம் கொடுத்திருக்கிறார்கள்’ என்று வாதிட்டவர்கள் அன்றும் உண்டு. தொடக்க நிலையில் இருக்கும் வாசகர் இடறி விழும் முதல் இடம் இது. பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, தலைக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கணக்கு.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நிவாரணத்தில் இருந்தவை 15,000 கறுப்பினக் குடும்பங்கள், 5,000 வெள்ளையர் குடும்பங்கள். மூன்றுக்கு ஒன்று. ஆனால் பணத்தைத் தேவைப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கவில்லை. நகரத்தின் மொத்த மக்கள்தொகை விகிதத்தை வைத்துப் பிரித்தார்கள். அதனால் 15,000 குடும்பங்களுக்கு 45 சதவீதம், 5,000 குடும்பங்களுக்கு 55 சதவீதம். கையிருப்பு 20,000 டாலர் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு 60 சென்ட் வரும். வெள்ளையர் குடும்பம் ஒன்றுக்கு 2 டாலர் 20 சென்ட் வரும். மக்கள்தொகை விகிதப்படி பிரிப்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே நகரத்தில், ஒரே பசிக்கு, மூன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம் வந்தது அந்த நியாயத்தால்தான்.

அட்லாண்டாவில் வேறு வழி. அங்கே 1935 வாக்கில் மாத நிவாரணச் சராசரி வெள்ளையருக்கு 32 டாலர் 66 சென்ட், கறுப்பினத்தவருக்கு 19 டாலர் 29 சென்ட். ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தேவை என்று நிவாரண ஊழியர் கணக்கிட்டு, வருமானம் ஏதாவது இருந்தால் அதைக் கழித்து, மீதியைக் கொடுப்பதுதான் அன்றைய முறை. அந்தத் ‘தேவை’ என்ற கட்டத்தை நிரப்பும்போது, கறுப்பினக் குடும்பம் இதுவரை குறைவாகத்தானே செலவழித்தது, அதற்குக் குறைவாகவே போதும் என்று முடிவுசெய்தார்கள். நேற்றைய வறுமையே இன்றைய குறைந்த உதவிக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

பணம் வாஷிங்டனில், முடிவு உள்ளூரில்

1933 மே மாதம் உருவான மத்திய அவசர நிவாரண நிர்வாகத்துக்கு முதலில் 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் பாகுபாட்டை உண்மையிலேயே எதிர்த்தவர். ஆனால் பணம் மாநிலங்களுக்கு மானியமாகப் போனது. மாநிலம் அதை மாவட்டங்களுக்கு அனுப்பியது. மாவட்ட அலுவலகத்தில் மனுவை வாங்கி, வீட்டுக்கு வந்து விசாரித்து, ‘தகுதி உண்டு’, ‘தகுதி இல்லை’ என்று எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை. வாக்களிக்கக் கட்ட வேண்டிய தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் அவர்களைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. உள்ளூர் அதிகாரி அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, அதுதான் அங்கே நடந்தது.

சிசிசி என்று அழைக்கப்பட்ட இளைஞர் பணிப்படையில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 18 முதல் 25 வயது வரையுள்ள, திருமணமாகாத, வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும், மண்ணரிப்பைத் தடுக்கவும், பூங்காப் பாதைகள் போடவும் வைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர்; அதில் 25 டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போகும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அப்போது இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர், சிகாகோவின் ஆஸ்கார் டி பிரீஸ்ட். அவர் கொண்டுவந்த திருத்தத்தால், இனம், நிறம், மதம் பார்த்து ஆளெடுக்கக் கூடாது என்ற வரி 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஏறியது.

சில வாரங்களில் ஜார்ஜியா மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்திலிருந்து புகார் வந்தது: மக்களில் 60 சதவீதம் கறுப்பினத்தவர், ஆனால் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. வாஷிங்டன் விளக்கம் கேட்டது. மாநிலத் தேர்வு அதிகாரியின் பதில் இப்படி இருந்தது: மனுக்களைத் தேவையின் அடிப்படையில் மூன்று வகுப்புகளாகப் பிரித்தோம்; கறுப்பின மனுக்கள் எல்லாம் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் விழுந்தன; மிகவும் தேவைப்படும் முதல் வகுப்பிலிருந்து மட்டும் ஆளெடுத்தோம். ஒரு மாவட்டத்தின் பரம ஏழைகள் அத்தனை பேரும் வெள்ளையர்கள் என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது! விதியில் எதையும் மீறியதாகக் காட்ட முடியாத பதில் அது. உள்ளூர்க் குழுக்கள் வாய்விட்டுச் சொன்ன காரணம் வேறு: பருத்திக் காட்டில் களையெடுக்கும் பருவம் இது, ஆட்கள் ஊரில் இருக்க வேண்டும்.

தேர்வுப் பணிக்குப் பொறுப்பாக இருந்த பிராங்க் பெர்சன்ஸ், ஜார்ஜியாவின் மொத்த ஒதுக்கீட்டையே நிறுத்திவைப்பேன் என்று ஆளுநரை மிரட்டிய பிறகுதான் அங்கே கறுப்பின இளைஞர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சட்டத்தில் இருந்த வரியைவிட, பணம் வராது என்ற பயம் வேலை செய்தது. ஆனால் 1935-இல் படையின் தலைவர் ராபர்ட் ஃபெக்னர் முகாம்களை நிறவாரியாகப் பிரிக்க உத்தரவிட்டார். கறுப்பின முகாமில் இடம் காலியானால்தான் புதிய கறுப்பின இளைஞரைச் சேர்க்கலாம் என்றானது. தங்கள் ஊருக்குப் பக்கத்தில் கறுப்பின முகாம் வேண்டாம் என்று வெள்ளையர் எதிர்த்ததால் முகாம்களின் எண்ணிக்கையும் ஏறவில்லை. படை கலைக்கப்படும்வரை சுமார் 2 லட்சம் கறுப்பின இளைஞர்கள் அதில் பணியாற்றினார்கள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அவர்களுக்கு இருந்த வேலையின்மையோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை போதாது.

பருத்திக் காட்டில் காசோலை யாருக்கு?

இந்தப் பேச்சில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது எங்கள் கருத்து. பண உதவி எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியில் நிற்பவருக்கே அது கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

தென் மாநிலப் பருத்திக் காடுகளில் லட்சக்கணக்கானோர் வாரச் சாகுபடி, அதாவது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் சாகுபடி, செய்தார்கள். நிலம், கலப்பை, கோவேறு கழுதை, விதை எல்லாம் பண்ணையாருடையது. உழைப்பு மட்டும் சாகுபடி செய்பவருடையது. விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடை வரை மாவும் உப்புக்கண்டமும் பண்ணைக் கடையில் கடனாக வாங்குவார். வருடக் கடைசியில் பண்ணையார் கணக்கை நேர்செய்வார். கணக்கு நோட்டு பண்ணையாரிடம் இருந்ததால், பாதி விளைச்சல் பெரும்பாலும் கடனிலேயே கழிந்துபோகும்.

1932-இல் பருத்தி விலை பவுண்டுக்கு 6 சென்ட் அளவுக்கு விழுந்துவிட்டது. 1933 மே மாதம் வந்த விவசாயச் சீரமைப்புச் சட்டம், விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்ற முயன்றது. அந்தக் கோடையில் நின்ற பயிரிலேயே சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழித்தார்கள். அடுத்த 1934–35 ஒப்பந்தத்தில் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தரிசாக விட வேண்டும். அதற்கு ஈடாக அரசு பணம் தரும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வகைப் பணம் இருந்தது. ஒன்று, தரிசாக விட்ட நிலத்துக்கு ‘வாடகை’: வழக்கமான விளைச்சலில் பவுண்டுக்கு 3.5 சென்ட். வாரச் சாகுபடிக்காரர் உழுத நிலமானால் இது முழுவதும் பண்ணையாருக்கு. மற்றொன்று, விலை ஈட்டுத்தொகை: பவுண்டுக்கு 1 சென்ட். இதில்தான் சாகுபடிக்காரருக்குப் பாதிப் பங்கு. ஆக, பண்ணையாருக்கு 4 சென்ட், உழைத்தவருக்கு அரை சென்ட். எட்டுக்கு ஒன்று. சாதாரண ஆண்டில் விளைச்சலைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்ட அதே இருவருக்கு அரசு போட்ட பங்கு இது.

ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. சொந்தமாகக் கழுதையும் கலப்பையும் வைத்துக்கொண்டு, பயிரைத் தாமே நிர்வகிக்கும் குத்தகைதாரருக்கு வாடகையிலும் பாதி உண்டு. அப்படியானால் ஒருவர் ‘நிர்வகிக்கும் குத்தகைதாரரா’, ‘வெறும் வாரச் சாகுபடிக்காரரா’ என்று யார் முடிவுசெய்வது? நடைமுறையில் படிவத்தை நிரப்பியவர் பண்ணையார். வகையைக் குறைத்து எழுதினால் அவருக்கு லாபம். இதைச் சரிபார்க்க வேண்டிய மாவட்டக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களும் பண்ணையார்கள்தான். சாகுபடிக்காரர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினால், அது விசாரணைக்காக அதே மாவட்டத்துக்கே திரும்பி வரும். கைக்கு வந்த அரை சென்டையும் பழைய கடனில் கழித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டது. 40 சதவீத நிலம் தரிசானால், அந்த நிலத்தை உழுதவர் எதற்கு? ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு இதைத் தடுப்பதாகச் சொன்னது: ‘இயன்ற வரை’ வழக்கமான எண்ணிக்கையில் குத்தகைதாரர்களை வைத்திருக்க வேண்டும், தொல்லை தருபவராக இல்லாவிட்டால் அவர்களை வீட்டில் தங்க விட வேண்டும். ‘இயன்ற வரை’, ‘தொல்லை’ ஆகிய இரண்டு சொற்களும் போதுமான ஓட்டைகள். சங்கத்தில் சேர்ந்தவர் தொல்லை தருபவர் ஆனார். எண்ணிக்கைதானே முக்கியம், ஆள் மாறினால் என்ன என்று ஒருவரை விரட்டி இன்னொருவரை வைத்தார்கள்.

1934 ஜூலையில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டைரோன்சா ஊருக்கருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடி, தென் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த நாட்டின் அந்தப் பகுதியில் இரு நிறத்தவரும் ஒரே சங்கத்தில் சேர்ந்ததே உயிரைப் பணயம் வைத்த செயல். அவர்கள் எழுப்பிய கேள்வியால், 1935 பிப்ரவரியில் வேளாண் நிர்வாகத்தின் சட்டப் பிரிவு ஏழாவது பிரிவுக்குத் தெளிவான பொருள் கொடுத்தது: எண்ணிக்கை மட்டும் போதாது, அதே ஆட்களை வைத்திருக்க வேண்டும். அந்த விளக்கத்தைத் தந்த ஜெரோம் ஃபிராங்கும் அவர் சகாக்கள் சிலரும் அந்த மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

தென் மாநிலங்களில் கறுப்பின வாரச் சாகுபடிக்காரர்கள் 1930-இல் சுமார் 3,93,000 பேர். 1940-இல் 2,99,000 பேர். வெள்ளை வாரச் சாகுபடிக்காரர்களும் 3,83,000-லிருந்து 2,42,000-க்குக் குறைந்தார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் திட்டம் ஏழை வெள்ளையரையும் நசுக்கியது. வேறுபாடு என்னவென்றால், கறுப்பின விவசாயிகளில் நிலம் சொந்தமாக உள்ளவர்கள் மிகக் குறைவு. அதனால் பண்ணையார் வரிசையில் நின்று காசோலை வாங்கியவர்களில் அவர்கள் அரிது, வெளியேற்றப்பட்டவர்கள் வரிசையில் ஏராளம்.

பின்னாளில் விதியைத் திருத்தி, சாகுபடிக்காரருக்குக் கூடுதல் பங்கு தரச் சொன்னார்கள். அதன் விளைவு 1939 ஜனவரியில் மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் தெரிந்தது. பங்கு தர வேண்டியது சாகுபடிக்காரருக்குத்தானே, தினக்கூலிக்கு இல்லையே என்று கண்டுகொண்ட பண்ணையார்கள், சாகுபடிக்காரர்களை வெளியேற்றிவிட்டு நாள் கூலிக்கு ஆள் வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு 60, 61-ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் கடும் குளிரில் கூடாரம் போட்டார்கள். போதகர் ஓவன் விட்ஃபீல்டு வழிநடத்திய போராட்டம் அது. சுகாதாரக் கேடு என்று காரணம் சொல்லிக் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. பங்கை உயர்த்தும் விதியோடு வெளியேற்றத்தைத் தடுக்கும் விதியும் சேர்ந்து வராவிட்டால், முதல் விதியே பாதுகாக்க வேண்டியவர்களைத் துரத்தும்.

சம்பளப் பட்டியலில் ஒளிந்திருந்த வரைபடம்

1935-இல் தொடங்கிய டபிள்யூபிஏ, சாலை, பள்ளிக்கூடம், தையற்கூடம் என்று வேலை கொடுத்து நிவாரணம் தந்த மாபெரும் திட்டம். நிர்வாக உத்தரவே பாகுபாட்டைத் தடை செய்தது. அதில் ஒருவர் எப்படிச் சேர்ந்தார் என்று படிப்படியாகப் பார்த்தால் சிக்கல் தெரியும். முதலில் உள்ளூர் நிவாரண அலுவலகம் அவரைத் தேவையுள்ளவர் என்று சான்றளிக்க வேண்டும். பொதுவாகக் குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் வேலை. அடுத்து, திறனற்ற வேலை, இடைநிலை, திறன் வேலை, தொழில்முறை வேலை என்ற நான்கு படிகளில் அவருக்கு ஒன்று எழுதப்படும். பிறகு நாட்டின் எந்தப் பகுதி, அந்த மாவட்டத்தின் பெரிய ஊர் எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து மாதச் சம்பளம் தீர்மானமாகும்.

தொடக்கத்தில் அந்தப் பட்டியலின் அடிமட்டம் மாதம் 19 டாலர். உச்சம் 94 டாலர். அடிமட்டம் யாருக்கு? தென் மாநிலக் கிராமத்தில் திறனற்ற வேலை செய்பவருக்கு. பட்டியலில் நிறம் என்ற கட்டமே இல்லை. ஆனால் கறுப்பின மக்கள் மிக அதிகமாக வாழ்ந்த இடமும், அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைப்படியும் சேரும் மூலையில்தான் 19 டாலர் எழுதியிருந்தது. கொத்தனாரும் தச்சருமாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்களையும் ‘திறனற்றவர்’ என்று எழுதிக்கொண்ட அலுவலகங்கள் உண்டு.

அந்த 19 டாலரே பல பண்ணையார்களின் கண்ணை உறுத்தியது. 1933–34 குளிர்காலத்தில் தற்காலிக வேலைத் திட்டம் தென் மாநிலங்களில் மணிக்கு 40 சென்ட் கொடுத்தபோது, ஒரு முழு நாள் வயல் கூலியே பல இடங்களில் ஒரு டாலரை எட்டவில்லை. ஜார்ஜியா ஆளுநர் யூஜின் டால்மட்ஜ் கொதித்தெழுந்தார். பின்னாளில் பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் உள்ளூர் நிர்வாகம் டபிள்யூபிஏ வேலைகளை மூடிவிட்டு, ஆட்களை வயலுக்குப் போகச் சொல்வது வழக்கமானது. வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை காலியாக இருக்கிறது என்று காரணம் காட்டிக் கறுப்பினப் பெண்களை நிவாரணத்திலிருந்து நீக்கினார்கள். உள்ளூர்ப் பொருளாதாரம் மலிவுக் கூலியை நம்பியிருக்கும்போது, நிவாரணம் அந்தக் கூலிக்குப் போட்டியாக வரும். அந்தக் கூலியைக் கொடுப்பவர்கள் கையிலேயே நிவாரணத்தின் சாவியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

என்ஆர்ஏ என்ற தேசிய மீட்பு நிர்வாகம் தொழிற்சாலைகளுக்கு வகுத்த கூலி விதிகளும் இதே பாதையில்தான் போயின. பஞ்சாலைகளுக்கு வாரக் குறைந்தபட்சக் கூலி வடக்கே 13 டாலர், தெற்கே 12 டாலர். ஆனால் துப்புரவுப் பணியாளரும் ஆலைக்கு வெளியே வேலை செய்பவரும் அந்தக் கூலிக்கு வெளியே. தெற்கத்திய ஆலைகளில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்ததே பெரும்பாலும் அந்த வேலைகள்தான். குறைந்தபட்சக் கூலி கட்டாயமான இடங்களில், அந்தக் கூலியைக் கறுப்பினத்தவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்களை நீக்கி வெள்ளையரை வைத்த முதலாளிகளும் இருந்தார்கள். 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பையே செல்லாததாக்கியது.

ஓய்வூதியத்தில் விடுபட்ட இரண்டு தொழில்கள்

1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையிழப்புக் காப்பீட்டையும் கொண்டுவந்தது. இரண்டிலும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இடமில்லை. நாடு முழுவதும் கறுப்பினத் தொழிலாளர்களில் சுமார் 65 சதவீதம் பேர் இதனால் வெளியே நின்றார்கள். தென் மாநிலங்களில் அந்த விகிதம் இன்னும் அதிகம். அந்த ஆண்டு பிப்ரவரியில் செனட் நிதிக் குழு முன் சாட்சியம் சொன்ன வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன், பெரும்பாலான கறுப்பினத்தவர் விழுந்துபோகும் அளவுக்குத் துளையிட்ட சல்லடை இது என்று எச்சரித்தார். கேட்கப்படவில்லை.

ஏன் விடுபட்டார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காங்கிரஸில் நீண்ட காலம் இருந்தவர்களே குழுத் தலைவர்கள் ஆவார்கள். எதிர்ப்பே இல்லாமல் திரும்பத் திரும்ப வென்ற தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் அதனால் முக்கியக் குழுக்களைக் கையில் வைத்திருந்தார்கள். செனட் நிதிக் குழுவின் தலைவர் மிசிசிப்பியின் பாட் ஹாரிசன். மக்களவையில் வரிக் குழுவின் தலைவர் வட கரோலினாவின் ராபர்ட் டோட்டன். மலிவு உழைப்பைக் காப்பதே நோக்கம் என்பார் ஒரு சாரார். ரொக்கக் கூலியும் பதிவேடும் ஒழுங்காக இல்லாத தொழில்களில் வரி வசூலிப்பது கடினம் என்று நிதித் துறையே விலக்கக் கேட்டது, விலக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் எண்ணிக்கையில் வெள்ளையர்களே என்பார் மறு சாரார். இரண்டும் உண்மைத் தகவல்கள். ஆனால் விளைவை அளக்க நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை: வெள்ளைத் தொழிலாளர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு வெளியே, கறுப்பினத் தொழிலாளர்களில் மூவரில் இருவர் அளவுக்கு வெளியே.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதியில் நோக்கம் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏழை முதியோருக்கான உதவித்தொகையை மாநிலங்கள் கொடுக்கும், செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கும். கண்ணியத்துக்கும் உடல்நலத்துக்கும் போதுமான தொகையை மாநிலம் தர வேண்டும் என்று முதல் வரைவில் இருந்தது. வர்ஜீனியாவின் ஹாரி பைர்ட் போன்ற தென் மாநில செனட்டர்கள் அந்தச் சொற்களை எடுக்கச் செய்தார்கள். எவ்வளவு, யாருக்கு என்பதை மாநிலமே தீர்மானிக்கலாம் என்றானது. 1943-இல் லூசியானா, பருத்தி வயலில் ஆள் தேவைப்படும் காலத்தில் தாய்மார்களுக்குக் குழந்தை வளர்ப்பு உதவித்தொகை இல்லை என்ற விதியையே கொண்டுவந்தது.

சிவப்புக் கோடும் ஒரு சுவரும்

வீட்டுக்கடன் நிவாரணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1933-இல் உருவான வீட்டு உரிமையாளர் கடன் நிறுவனம் சுமார் பத்து லட்சம் கடன்களைக் கொடுத்து வீடுகளை ஏலத்திலிருந்து மீட்டது. பின்னர் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை அது நான்கு நிறங்களில் வரைந்தது. பச்சை பாதுகாப்பானது, சிவப்பு ஆபத்தானது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ எல்லாமே சிவப்பு. இந்த வரைபடங்களைவிட அதிகக் கேடு செய்தது 1934-இல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் என்பதே எங்கள் முடிவு. வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்த அமைப்பு அது. அதன் மதிப்பீட்டுக் கையேடு, வேறு இனத்தவர் குடியேறுவதைத் தடுக்கும் நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுவதை நல்ல அம்சமாகப் பரிந்துரைத்தது.

டெட்ராய்ட் நகரில் 1941-இல் ஒரு கட்டுமான நிறுவனம் கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முன்வந்தது. உத்தரவாதம் மறுக்கப்பட்டது. இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு, ஆறடி உயரச் சுவர் ஒன்றை எழுப்பிய பிறகு உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவரின் பெரும்பகுதி இன்றும் அங்கே நிற்கிறது.

கறுப்பினத்தவர் மட்டுமா?

மெக்சிகோ வம்சாவளியினருக்கு நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1931 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம், நிவாரணச் செலவைவிட ரயில் கட்டணம் மலிவு என்று கணக்குப் போட்டு, குடும்பம் குடும்பமாக மெக்சிகோவுக்கு அனுப்பியது. போனவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், பலர் குழந்தைகள். பின்னர் டபிள்யூபிஏ வேலையும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு மூடப்பட்டது.

எது வேலை செய்தது?

உள்துறைச் செயலர் ஹரால்டு இக்கீஸ் தலைமையில் இருந்த பொதுப்பணி நிர்வாகம் ஒரு நல்ல வழியைக் கண்டது. அவருடைய ஆலோசகர் ராபர்ட் வீவர் ஒரு பொருளியலாளர். அரசு வீடு கட்டும் ஒப்பந்ததாரர், திறன் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கறுப்பினத்தவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சதவீதம் அந்த நகரத்தில் 1930 கணக்கெடுப்பில் எத்தனை கறுப்பினக் கொத்தனார்களும் தச்சர்களும் இருந்தார்கள் என்பதிலிருந்து எடுக்கப்படும். குறைந்தால் பாகுபாடு நடந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது.

இதைச் சிசிசி சட்டத்தின் வரியோடு ஒப்பிடுங்கள். அங்கே பாதிக்கப்பட்டவர் போய், அதிகாரி நிறம் பார்த்தார் என்று நிரூபிக்க வேண்டும். அதிகாரியோ மூன்று வகுப்புக் கதையைச் சொல்லித் தப்பிவிடுவார். இங்கே சம்பளப் பட்டியலை எண்ணினால் போதும். அதனால்தான் இந்த முறை பயன் தந்தது. நிர்வாகம் கட்டிய வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. ஆனால் பெரும்பாலான குடியிருப்புகள் நிறவாரியாகப் பிரிந்தே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1941-இல் கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டன் நோக்கிப் பேரணி நடத்துவதாக அறிவித்த பிறகு, ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் பாகுபாட்டைத் தடுக்கும் 8802-ஆம் எண் உத்தரவைப் பிறப்பித்தார். விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வர 1950, 1954-ஆம் ஆண்டுத் திருத்தங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஓய்வூதியம் வேலை செய்து வரி கட்டிய ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பது. வரி வசூல் தொடங்கியது 1937-இல். திருத்தங்கள் வருவதற்குள் உடல் தளர்ந்து உழைப்பை நிறுத்திவிட்ட சமையற்காரப் பெண்ணுக்கும் பருத்தி எடுத்தவருக்கும் அந்த ஆண்டுகளின் வரவு எதுவும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியது மாநிலம் பார்த்துக் கொடுக்கும் ஏழை முதியோர் உதவித்தொகை மட்டுமே.